மாறி வா என்பதா வரவேற்பு?

(பூவிருந்தவல்லியில் கழகத் தோழர்களிடையே ஆற்றிய உரை)

  

‘வேறுபட்டவரை ஏற்போம், தன் இயல்பில் தான் நிற்போம்’ என்பது எனக்கு இன்று அளிக்கப்பட்டுள்ள தலைப்பு. கேட்பதற்கு இனிக்கிறது. மேடையிலே முழங்குவதற்கும் எளிதாக இருக்கிறது. ‘வேறுபட்டவரை நான் ஏற்கமாட்டேன்’ என்று இந்த மன்றத்தில் எவரேனும் எழுந்து சொல்லப்போகிறாரா? மாட்டார். அதனாலேதான் எனக்கு ஐயம் பிறக்கிறது. எல்லோரும் ஒப்புக்கொண்ட கொள்கை, எவர் வீட்டுத் திண்ணையிலும் உட்கார இடம் கிடைக்காமல் ஏன் தெருத்தெருவாக அலைகிறது? அந்த ஒரு கேள்விக்கு விடை தேடத்தான் உங்கள்முன் நிற்கிறேன்.

அடுக்களையில் தோற்ற கொள்கை

இந்தப் பூவிருந்தவல்லி மண் ஈன்ற மனிதர் ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். திருக்கச்சி நம்பி என்பது அவர் பெயர். 11ஆம் நூற்றாண்டினர். காஞ்சி வரதராசர் கோயிலில் விசிறி வீசும் பணி செய்தவர் என்று வைணவ ஏடுகள் கூறுகின்றன. வணிகர் குலத்தவர், பார்ப்பனர் அல்லாதவர்.

‘என்ன இது, பகுத்தறிவு மேடையிலே ஆச்சாரியார் கதை?’ என்று பின்வரிசையிலே ஒரு தோழர் புருவத்தை உயர்த்துகிறார். அஞ்ச வேண்டாம். கோயில் மணியை ஆட்ட நான் வரவில்லை. அவர்கள் ஏட்டிலேயே அவர்களைச் சுடும் உண்மை ஒன்று உறங்குகிறது. அதைத் தட்டி எழுப்ப வந்தேன்.

இராமானுசர், நம்பியைக் குருவாக மதித்தார். அவர் உண்டு எஞ்சியதைத் தாம் உண்ண வேண்டும் என்று விரும்பினார். விருந்துக்கு அழைத்தார். நம்பி வந்தபோது இராமானுசர் வீட்டில் இல்லை. அவர் துணைவியார் தஞ்சம்மாள் அமுது படைத்தார். நம்பி உண்டார், சென்றார். பிறகு நடந்ததுதான் கதை. அந்த அம்மையார், நம்பி உண்ட இலையைக் கையால் தொடாமல் கோலால் தள்ளினார். இடத்தைக் கழுவினார். தாமும் தலை முழுகினார். கணவருக்கெனப் புதிதாக உலை வைத்தார். வீடு திரும்பிய இராமானுசர், நடந்ததை அறிந்து நொந்தார். இது அவர்கள் எழுதி வைத்த கதை.

இதைக் கேட்டவுடன் தஞ்சம்மாளைத் தூற்றத் தோன்றும். நான் தூற்றமாட்டேன். அவர் விருந்தினரை விரட்டவில்லை. சமைத்தார், பரிமாறினார், வழியனுப்பினார். சோற்றிலே குறை வைக்கவில்லை. மனத்திலே இடம் வைக்கவில்லை. அவ்வளவுதான். பிறந்த நாள் முதல் அவருக்குக் கற்பிக்கப்பட்டதை அவர் செய்தார். நான் கேட்பது வேறு கேள்வி. கணவரின் உள்ளத்திலே பூத்த புரட்சி, அடுக்களை வரையில் ஏன் வந்து சேரவில்லை? மேடையிலே வென்ற கொள்கை, அடுப்பங்கரையிலே ஏன் தோற்றது? கூடத்தில் ஒரு சட்டமும் அடுக்களையில் ஒரு சட்டமும் இருக்கும் வீட்டிலே, விருந்தாளி எந்த வீட்டுக்கு வந்ததாகக் கொள்வான்?

தோழர்களே! இது இராமானுசர் வீட்டுக் கதை மட்டுந்தானா? மாலையிலே சமத்துவம் பேசிவிட்டு, இரவிலே வீடு திரும்பும் நம்மில் எத்தனை பேர் வீட்டுக்கு இந்தக் கதை பொருந்தும்? விடையை உரக்கச் சொல்ல வேண்டாம். வீட்டிலே போய்ச் சொல்லுங்கள்.

மூன்று இலைகள்

அந்த இலை அன்றோடு மறைந்துவிடவில்லை. ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்து, சேரன்மாதேவியிலே மீண்டும் விரிந்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்திலே, காங்கிரசின் நிதியும் பெற்று நடந்த அந்த நிலையத்திலே, பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. நாட்டு விடுதலைக்குப் பயிற்சி தரும் நிலையத்திலே நாக்குக்கும் நாக்குக்கும் நடுவே சுவர்! பெரியார் கொதித்தெழுந்தார். 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டிலே வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடமில்லை என்றானபோது, காங்கிரசை விட்டே வெளியேறினார். எந்தக் காஞ்சியிலே ஓர் இலை கோலால் தள்ளப்பட்டதோ, அதே காஞ்சியிலே தன்மான இயக்கத்தின் பாதை திறந்தது.

மூன்றாவது இலை நேற்றைய இலை. 2021ஆம் ஆண்டு. மாமல்லபுரம். கோயிலில் அன்னதானம். பசித்தவருக்கெல்லாம் சோறு என்று அறிவித்த பந்தியிலே உட்கார வந்த நரிக்குறவப் பெண்ணொருத்தி எழுப்பி விரட்டப்பட்டாள். அவள் அழுது முடங்கவில்லை. நடந்ததை நாடறியச் சொன்னாள். காணொளி பரவியது. அறநிலையத்துறை அமைச்சராக இருந்த சேகர்பாபு, அதே கோயிலில், அதே பந்தியில், அந்தப் பெண்ணின் பக்கத்திலே அமர்ந்து உண்டார். அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், அவ்வாண்டுத் தீபாவளி நாளிலே அவர்கள் வாழும் பூஞ்சேரிக்கே சென்றார்.

மூன்று இலைகளையும் சேர்த்துப் பாருங்கள். முதல் இலையிலே நம்பி எதுவும் பேசியதாகக் கதையில்லை. இரண்டாவது இலையிலே பிள்ளைகளுக்காகத் தலைவர் பேசினார். மூன்றாவது இலையிலே, இழிவுபடுத்தப்பட்டவளே பேசினாள். ஆயிரம் ஆண்டுகளிலே நாம் நடந்த தொலைவு அதுதான். இன்னும் நடக்க வேண்டிய தொலைவும் அதிலேயே தெரிகிறது.

ஆவடியிலே எழுந்த குரல்

இங்கிருந்து ஆவடி எத்தனை தொலைவு? பேருந்திலே ஏறினால் பேச்சு முடிவதற்குள் போய்விடலாம். அந்த ஆவடியிலே நரிக்குறவர் குடியிருப்பு உண்டு. 2022ஆம் ஆண்டு, அங்கே படிக்கும் மாணவியர் சிலர் தங்கள் குறைகளை அஞ்சாமல் எடுத்துரைத்தார்கள். பள்ளியிலும் பேருந்திலும் தாங்கள் எப்படிப் பார்க்கப்படுகிறோம் என்பதைச் சொன்னார்கள். அந்தச் சொல் கோட்டையை எட்டியது. முதலமைச்சர் முதலில் காணொளி வழியாகப் பேசினார். ஏப்ரல் திங்களில் நேரிலேயே வந்தார். அவர்கள் வீட்டிலே அமர்ந்து சிற்றுண்டி அருந்தினார்.

கழகத்தவர் இதைப் பெருமையோடு பேசுகிறோம். பேசலாம், தவறில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். முதலமைச்சர் உண்டது ஒரு வேளை. அந்தக் குடியிருப்பைச் சுற்றி வாழ்கிற நாம், ஆண்டு முழுவதும், நாளுக்கு மூன்று வேளை உண்கிறோம். அந்த வேளைகளிலே எத்தனை வேளை அவர்களோடு? தலைவர் காட்டிய வழி, தொண்டன் நடப்பதற்கா, தொண்டன் படம் பிடித்து மாட்டுவதற்கா?

57 ஆண்டுகள் உறங்கிய தாள்

இந்த மக்கள் யார்? குருவிக்காரர் என்று அழைக்கப்பட்டவர்கள். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலிலும் அந்தப் பெயரிலேயே பதிவாகியிருக்கிறார்கள். வாக்ரி என்பது அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர். நரிக்குறவர் என்பது ஊரார் வைத்த பெயர். குறிஞ்சி நிலத்துக் குறவர் குடி வேறு, இவர்கள் வேறு. இரு சாராரையும் ஒரே பெயருக்குள் திணித்துவிட்டு, எவரையும் சரியாக அறியாமல் இருந்துவிட்டது நம் சமுதாயம். ஒருவன் பெயரையே சரியாகக் கேட்டறியாதவன், அவன் உள்ளத்தை எப்படி அறிவான்?

வேட்டையாடி வாழ்ந்தவர்கள். 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுயிரைக் காக்க வேண்டியதுதான். அதிலே கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் நரிக்கும் பறவைக்கும் காவல் போட்ட சட்டம், அவற்றை நம்பி வாழ்ந்த மனிதனுக்கு மாற்றுத் தொழில் என்ன என்று கேட்கவில்லை. துப்பாக்கி இருந்த தோளிலே பாசிமணி மூட்டை ஏறியது. தொடர்வண்டி நிலையமும் திருவிழாக் கடையோரமும் அவர்கள் காடாயின.

1955 சனவரியிலே இதே ஆவடியிலே காங்கிரசு மாநாடு கூடியது. ‘சோசலிச பாணிச் சமுதாயம்’ படைப்போம் என்று தீர்மானம் போட்டது. நாடெங்கும் அந்தச் சொல் ஒலித்தது. ஊருக்கு வெளியே கூடாரம் அடித்து வாழ்ந்தவனின் செவியிலே அது விழுந்ததா?

1965இல் லோகூர் குழு, இந்த மக்களைப் பழங்குடியினர் பட்டியலிலே சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. தாள் தில்லிக்குப் போயிற்று. உறங்கிற்று. தமிழ்நாட்டு அரசு, கட்சி வேறுபாடின்றி, மீண்டும் மீண்டும் எழுதிற்று. 2022 டிசம்பரிலேதான் நாடாளுமன்றம் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. 2023 சனவரியிலே அது சட்டமாயிற்று. 36 இனங்கள் இருந்த தமிழ்நாட்டுப் பட்டியலில் 37ஆவதாக நரிக்குறவர், குருவிக்காரர் என்ற பெயர்கள் ஏறின. பரிந்துரைக்கும் சட்டத்துக்கும் இடையே 57 ஆண்டுகள்! பரிந்துரை பிறந்த ஆண்டிலே பிறந்த குழந்தை, சட்டம் வந்தபோது பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

இடையிலே 2008ஆம் ஆண்டிலே, கலைஞர் ஆட்சியிலே, நரிக்குறவருக்கென நல வாரியம் அமைந்தது. அந்த வாரியத்தின் அட்டையை ஒரு குடும்பத்துக்கு வாங்கித் தர அலுவலகம் அலுவலகமாக அலைந்த தோழர்கள் இங்கே இருப்பார்கள். அவர்களைத்தான் நான் கழகம் என்கிறேன்.

மொழி காத்தவர் கடன்

1965 என்றேன். அந்த ஆண்டைக் கேட்டதும் உங்கள் நெஞ்சிலே வேறொரு நெருப்பு மூண்டிருக்கும். சனவரியிலே கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தமிழுக்காகத் தம் உடலை எரித்துக்கொண்டார்கள். மாணவர் படை தெருவிலே இறங்கியது. துப்பாக்கிகள் பேசின. தாய்மொழியை விட்டுவிட்டு வா, அப்போதுதான் நீ இந்த நாட்டின் முழுக் குடிமகன் என்று தில்லி சொன்னதை, இந்த நாடு ஏற்க மறுத்தது. ‘நான் நானாகவே இருந்து உன்னோடு வாழ்வேன், உன்னைப்போல் மாறித்தான் வாழவேண்டும் என்றால், அது வாழ்வல்ல’ என்று தமிழன் சொன்னான்.

இப்போது நான் கேட்கப்போவது சற்றே கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆவடிக் குடியிருப்பிலே தாய் தன் குழந்தையைத் தாலாட்டும் மொழி எது? தமிழன்று. வாக்ரிபோலி. குசராத்தி முதலிய மேற்கு நாட்டு மொழிகளோடு உறவுடையது; நம் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. தனக்கென எழுத்தில்லாதது. சில ஆயிரம் குடும்பங்களின் நாவிலே மட்டும் உயிர் வாழ்வது. அந்தக் குழந்தை பள்ளிக்கு வருகிறது. தமிழ் படிக்கிறது, படிக்கத்தான் வேண்டும், தமிழ் அதற்கு வேலைக்கும் வாழ்வுக்கும் வாயில். ஆனால் அது தன் தம்பியோடு வகுப்பிலே தன் மொழியிலே ஒரு சொல் பேசிவிட்டால், சுற்றியிருப்போர் சிரிக்கிறார்கள். மறுநாள் முதல் அந்தக் குழந்தை வாய் திறப்பதில்லை. பெயரைக் கேட்டால் சொல்கிறது. ஊரைக் கேட்டால் சொல்கிறது. தாய் என்ன தொழில் செய்கிறாள் என்று கேட்டால் தலை குனிகிறது.

அந்தச் சிரிப்புக்கும், அன்று நம்மைப் பார்த்து வடக்கே சிரித்த சிரிப்புக்கும் என்ன வேறுபாடு? இந்தி ஆதிக்கத்தை எதிர்த்துக் கொடி பிடித்த கைக்கு, நம் ஊரிலேயே உள்ள ஒரு சிறு மொழியின் வாயைப் பொத்த உரிமை எங்கிருந்து வரும்? எண்ணிக்கையிலே பெரியது சிறியதை விழுங்கலாம் என்றால், 1965இலே நாம் தோற்றிருக்க வேண்டியவர்கள் அல்லவா?

அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 29ஆவது பிரிவு, தனக்கென வேறான மொழியோ, எழுத்தோ, பண்பாடோ உடைய எந்தப் பிரிவினருக்கும் அதைப் பேணிக்காக்கும் உரிமையைத் தருகிறது. 1956இல் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியிலே தாய்மொழி வழிக் கற்பிக்கப் போதிய வசதிகளைத் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. நாம் தில்லியிடம் நீட்டுகிற அதே ஏட்டை, ஆவடிக் குழந்தை நம்மிடம் நீட்டினால், நாம் என்ன பதில் சொல்வோம்?

பள்ளிக்கூடம் முழுவதையும் வாக்ரிபோலியிலே நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் வகுப்பிலே, அந்த மொழி தெரிந்த ஒருவர் பக்கத்திலே இருந்து, குழந்தையின் கை பிடித்துத் தமிழுக்கு அழைத்து வரட்டும். தாய் மடியிலிருந்து தமிழ் மடிக்கு அது தாவட்டும். பிடுங்கி எறியப்பட வேண்டாம். தமிழ் அதனால் தேயாது. வந்தவரை அரவணைத்தே வளர்ந்த மொழி தமிழ்.

ஆறு புள்ளிகள்

இந்தப் பூவிருந்தவல்லியிலே, பார்வையற்ற பிள்ளைகளுக்கென அரசு மேனிலைப்பள்ளி நடக்கிறது. உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் விரல் நுனி படிக்கும் எழுத்தின் வரலாறு தெரியுமா?

பாரிசு நகரிலே, பார்வையற்றோர் பள்ளியிலே, முன்பு அவர்களுக்குப் பாடம் சொல்லக் கண்ணுள்ளோர் ஒரு முறை கண்டார்கள். தாங்கள் படிக்கும் எழுத்தையே தடித்த தாளிலே புடைக்கச் செய்து, ‘தடவிப் படி’ என்றார்கள். இரக்கத்தாலே செய்ததுதான். ஆனால் அந்த எழுத்து, கண்ணுக்காகப் பிறந்த எழுத்து. விரலுக்கு அது சுமை. படிக்கப் பொழுதாயிற்று, அதிலே எழுதவோ முடியவில்லை. அப்பள்ளியின் மாணவன் லூயி பிரெயில், குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்தவன், 1824இல் தன் 15ஆம் வயதிலே ஆறு புள்ளிகளைக் கொண்டு ஓர் எழுத்து முறையை அமைத்தான். விரலுக்கென்றே பிறந்த எழுத்து! கண்ணுள்ளோர் அதை எளிதில் ஏற்கவில்லை. அந்தப் பள்ளியே அதை முறைப்படி ஏற்றது 1854இலேதான். பிரெயில் 1852இலேயே மறைந்துவிட்டார். இன்றோ உலகமெங்கும் அந்த ஆறு புள்ளிகள். தமிழும் அதிலே எழுதப்படுகிறது.

இரக்கத்துக்கும் ஏற்புக்கும் உள்ள இடைவெளி இந்த வரலாற்றிலே இருக்கிறது. இரக்கம், ‘என்னைப்போல் நடக்க உனக்கு உதவுகிறேன்’ என்கிறது. ஏற்பு, ‘நீ எப்படி நடப்பாய், சொல், பாதையை அதற்கேற்பப் போடுவோம்’ என்கிறது.

வேடத்துக்குக் கைதட்டல், ஆளுக்குக் கதவடைப்பு

நாடகம் எழுதுகிறவன் என்ற முறையிலே ஒன்றைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. மேடையிலே வேடம் போடுவது கலை. வாழ்விலே வேடம் போட வைப்பது கொடுமை.

1968இல் வெளிவந்த ‘ஒளி விளக்கு’ படத்திலே, நாட்டின் பெரும் நடிகரும் நடிகையும் நரிக்குறவர் வேடமிட்டு ஆடிப் பாடினார்கள். கொட்டகை அதிர்ந்தது. 2023 மார்ச்சுத் திங்களிலே, சென்னை கோயம்பேட்டிலே ஒரு திரையரங்கின் வாயிலிலே, மெய்யான நரிக்குறவக் குடும்பத்தார், காசு கொடுத்து வாங்கிய நுழைவுச்சீட்டைக் கையிலே வைத்துக்கொண்டு, தடுத்து நிறுத்தப்பட்டார்கள். தணிக்கைச் சான்றிதழின்படி சிறுவரை அனுமதிக்க இயலவில்லை என்று நிருவாகம் பிறகு விளக்கம் தந்தது. பார்த்தவர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பிய பின்னர் அவர்கள் உள்ளே விடப்பட்டார்கள். வேடத்துக்குக் கைதட்டிய ஊரிலே, வேடத்துக்கு உரியவனுக்குக் கதவு திறக்கப் பிறர் குரல் கொடுக்க வேண்டியிருந்தது!

அந்தக் குரல் கொடுத்தவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் கட்சிக்காரர்கள் என்று நான் கேள்விப்படவில்லை. படம் பார்க்க வந்த பொதுமக்கள். கண்முன் நடந்த இழிவைக் கண்டு, நமக்கென்ன என்று தம் இருக்கையைத் தேடிப் போகாதவர்கள். ஏற்பு என்பது அந்த ஒரு நொடியிலே நடக்கிறது. மாநாட்டுப் பந்தலிலே நடப்பது அதற்கான ஒத்திகை.

மாற்றுகிறேன் என்பவனை மாற்று

வேறுபட்டவர் என்றால் பிறப்பால் மட்டுமா? உடலுக்கும் உள்ளத்துக்கும் ஊரார் வகுத்த இலக்கணத்திலே அடங்காதவர்களும் உண்டு. வாயில் வரக்கூசும் சொற்களால் அழைக்கப்பட்டவர்களுக்குத் ‘திருநங்கை’ என்ற திருப்பெயர் அரசு வழக்கிலே நிலைபெற்றது கலைஞர் காலத்திலே. அதே 2008ஆம் ஆண்டிலே அவர்களுக்கும் நல வாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15ஆம் நாள், உச்சநீதிமன்றம், ஒருவர் தம் பாலினம் எது என்று தாமே சொல்லும் உரிமையை உறுதி செய்தது. 2017இல் பிரித்திகா யாசினி தமிழ்நாட்டுக் காவல்துறையிலே உதவி ஆய்வாளரானார். 2019இல் நர்த்தகி நடராசு பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர்கள் தம்மை மறைத்துக்கொண்டு உயர்ந்தார்களா? தாமாகவே நின்று உயர்ந்தார்கள்.

2021இலே சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. இரண்டு பெண்கள், ஒருவரையொருவர் நேசித்தவர்கள், பாதுகாப்புக் கேட்டு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் தெரியுமா? இந்தப் பொருளிலே தமக்குப் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். அதன் பிறகே தீர்ப்பெழுதினார். இத்தகையோரை ‘மாற்றிவிடுகிறேன்’ என்று மருத்துவம் பார்ப்பது கூடாது என்று தடுத்தார். நீதிபதியின் நாற்காலியிலே அமர்ந்தவர் மாணவனின் பலகையிலே அமர்ந்து படித்த பிறகு பேசினார். நம் வீட்டிலே ஒரு பிள்ளை, ‘அப்பா, நான் மற்றவர்களைப்போல் இல்லை’ என்று நடுங்கும் குரலிலே சொன்னால், அந்த நீதிபதிக்கு இருந்த பொறுமையிலே பாதியாவது நமக்கு இருக்குமா? ஊரிலே உள்ள வேறுபட்டவனை ஏற்பது எளிது, தோழர்களே. வீட்டிலே உள்ளவனை ஏற்பதுதான் கொள்கைக்குத் தேர்வு.

மாறுவதும் மெய்யே

இங்கே ஒரு தவறான எண்ணம் தலைகாட்டும். ‘அவர்கள் அவர்களாகவே இருக்கட்டும் என்றால், பாசிமணியும் கூடாரமுமாக அப்படியே விட்டுவிட வேண்டுமா?’ என்று கேட்பார்கள். இல்லை. தன் இயல்பில் நிற்பது என்றால் மாறாமல் நிற்பது என்று பொருளில்லை. தன் மாற்றத்தைத் தானே தேர்ந்துகொள்வது என்று பொருள். வாக்ரிக் குடியிலே பிறந்த பெண், மணி கோப்பதை விட்டுப் பொறியாளராக விரும்பினால், அது அவள் இயல்பு. பொறியாளரான பிறகும் பாட்டி கோத்த மணியை அணிந்துகொண்டு அலுவலகம் போக விரும்பினால், அதுவும் அவள் இயல்பு. அங்கே இளவயது மணம் இன்னும் இருக்கிறது. ‘வேண்டாம், நான் படிக்கிறேன்’ என்று தன் குடியின் வழக்கத்தையே எதிர்த்து ஒரு பெண் நின்றால், அவள் பக்கம் நிற்பதுதான் நம் வேலை. 1929இலே செங்கற்பட்டுத் தன்மான மாநாட்டிலே பெண்ணின் மண வயதை உயர்த்தவும் சொத்துரிமை தரவும் தீர்மானம் செய்த இயக்கம் இது. குடியின் உரிமை என்ற பெயரால் குமரியின் உரிமையை நாம் விட்டுக்கொடுக்க முடியாது.

அவர்களைக் காட்சிப் பொருளாக வைப்பதும் குற்றம். அச்சிலே வார்ப்பதும் குற்றம். அவர்கள் வாழ்வு அவர்கள் கையிலே.

அம்பத்தூரின் தேர்வு

கடைசியாக ஒன்று. 1964இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, தமிழ்நாட்டின் பல மாவட்டத்தாரையும் சேர்த்து வளர்த்த ஊர். ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலை, இந்தியாவின் பல மாநிலத்தாரும் பக்கத்து வீட்டுக்காரராக வாழ்ந்த ஊரை உருவாக்கியது. இன்று அங்கே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் பட்டறைகளிலே வேலை செய்கிறார்கள். 2023 மார்ச்சிலே, அவர்கள் தமிழ்நாட்டிலே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரப்பப்பட்டன. பீகாரிலிருந்து குழுவினர் வந்து பார்த்தார்கள். பொய் பொய்யென்றே தெரிந்தது. தமிழ்நாட்டின் மானம் காப்பாற்றப்பட்டது.

ஆனால் பொய்யை முறியடித்தது போதாது. ‘வடக்கன்’ என்று ஏளனமாக அழைக்கும் வழக்கம் நம் தெருவிலே இருக்கிறதா, இல்லையா? இந்தித் திணிப்பை எதிர்ப்பது நம் கொள்கை. இந்தி பேசும் ஏழையை வெறுப்பது நம் கொள்கை அன்று. திணிப்பவன் தில்லி ஆட்சிப் பீடத்திலே இருக்கிறான். இவனோ கடைசல் இயந்திரத்தின் முன்னால் விரல்களைப் பணயம் வைத்து நிற்கிறான். எதிரியை அடையாளம் காணத் தெரியாத படை, தன் பாசறைக்கே தீ வைக்கும். பிழைக்கப் போன தமிழன் இலங்கைத் தோட்டத்திலும், மலேயாத் தோட்டத்திலும், மும்பைத் தாராவியிலும் பட்ட பாட்டை மேடைதோறும் சொல்லி வருந்துகிற நாம், பிழைக்க வந்தவனை எப்படி நடத்துகிறோம் என்பதுதான் அந்த வருத்தத்தின் மெய்யை நிறுக்கும் தராசு.

கேட்பது பெரிதல்ல

தோழர்களே! உங்களிடம் நிதி கேட்கவில்லை. ஊர்வலம் கேட்கவில்லை. நான்கு காரியங்கள் கேட்கிறேன்.

உங்கள் வட்டத்திலே வாழும் நரிக்குறவக் குடும்பங்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைத்துவிட்டதா என்று கேளுங்கள். சட்டம் வந்தது தில்லியிலே. சான்றிதழ் வர வேண்டியது கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தோழர், ஒரு குடும்பத்துக்குத் துணையாகப் போனால் போதும். 57 ஆண்டுகள் காத்தவர்களை இன்னும் காக்க வைக்க வேண்டாம்.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியிலே அவர்கள் பிள்ளை இருந்தால், பக்கத்திலே உட்காரச் சொல்லுங்கள். ‘தள்ளி உட்கார்’ என்று வீட்டிலே ஒரு வாய் சொன்னாலும், பள்ளியிலே ஒரு வகுப்பே தள்ளி உட்காரும்.

அவர்களைப் பெயர் கேட்டு, பெயர் சொல்லி அழையுங்கள். ‘ஏய்’ என்பது எவருக்கும் பெயரன்று. மூத்தவளை அம்மா என்றும், ஒத்தவளை அக்கா என்றும் அழைக்க நாக்கு தேயாது.

நான்காவது, மிகக் கடினமானது. இன்று இரவு வீட்டுக்குப் போனதும், இந்தக் கூட்டத்திலே கேட்டதை உங்கள் துணைவியாரிடம், தாயாரிடம், பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால் வாதாடுங்கள், கோபித்தால் பொறுங்கள், மீண்டும் சொல்லுங்கள். பெண் தோழர்களே, உங்கள் வீட்டு ஆண்கள் மேடையிலே பேசியதை அடுக்களையிலே மறந்தால், நினைவூட்டும் பொறுப்பு உங்களுடையது. கூடத்துக்கும் அடுக்களைக்கும் ஒரே சட்டம் எழுதும் நாளிலேதான், இந்த ஊரிலே பிறந்த நம்பி உண்ட இலைக்கு நாம் மரியாதை செய்தவர்களாவோம்.

‘மாறி வா, ஏற்கிறேன்’ என்பது கட்டளை. ‘வா’ என்பது மட்டுமே வரவேற்பு. அந்த ஒற்றை எழுத்தைச் சொல்லப் பழகுவோம்.